இரண்டும் இடது கால்

"அங்கிள், இதோட வலது கால் வேற மூட்டையில இருக்கா?"

மலாய் மொழியில்தான் கேட்டான் அந்தப் பையன். பத்து வயதிருக்கும். கையில் ஒரு ஜோடி காற்பந்துக் காலணி. ஜோடி என்று நான்தான் சொல்கிறேன். அவன் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இரண்டும் இடது கால். ஒன்று 4-ஆம் அளவு, இன்னொன்று 6.

மூட்டையைக் கவிழ்த்துத் தேடினேன். காற்றுப் போன பந்துகள் மூன்று, நரம்பு அறுந்த பூப்பந்து மட்டைகள் ஐந்து, அக்குள் கிழிந்த ஜெர்சிகள், யாரோ ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் கோப்பை. வலது கால் கிடைக்கவில்லை. பையன் முகம் சுளிக்கவில்லை. இரண்டு காலணிகளையும் ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, என்னிடமே திருப்பிக் கொடுத்து, "தெரிமா காசே, அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

2022 ஜூலை 4, திங்கட்கிழமை. அன்று பிற்பகல் பாலிங் மாவட்டத்தில் கூப்பாங் வட்டாரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குனோங் ஈனாஸ் மலையில் பெய்த மழை, மரக்கட்டைகளையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு கம்பங்களுக்குள் இறங்கியது. கம்போங் ஈபோய் போன்ற இடங்களில் வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. மூன்று உயிர்கள் போயின. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

பாடாங் மேஹாவில் இருந்து கோல கெட்டில் வழியாகப் போனால் கூப்பாங் நமக்கு அக்கம்பக்கம்தான். தோட்டத்து இளைஞர்கள் அரிசி, பால் மாவு, போர்வை என்று திரட்டினார்கள். நான் ஒரு காலத்தில் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் செயலாளராக இருந்தவன். "பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் நான் சேர்க்கிறேன்" என்று மார்தட்டினேன். இரண்டே நாளில் மூட்டை நிறைந்துவிட்டது. எப்படி நிறைந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. வீட்டு ஸ்டோரில் கிடந்து இடத்தை அடைத்த சாமான்களைத் தூக்கிப் போட எல்லாருக்கும் ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் என் மூட்டை.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

சோறில்லாத இடத்தில் பந்தா?

மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதே ஓர் அக்கா கேட்டார்: "அங்க சோத்துக்கே வழியில்லையாம், நீங்க பந்து கொண்டு போறீங்களா?"

ஒரு பெரியவர் கேட்டது வேறு மாதிரி. "நாங்க எல்லாம் ஒட்டுப்பால் பந்துலதான் விளையாடினோம். எவன் வந்து தானம் கொடுத்தான்?"

இரண்டும் நியாயமான கேள்விகள். அக்காவின் கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், முதலில் சோறுதான். தண்ணீர், மருந்து, படுக்க இடம். அதற்கெல்லாம் பிறகுதான் பந்து. அந்த வரிசையை மாற்றக் கூடாது. ஆனால் வரிசையில் பந்துக்கும் ஓர் இடம் உண்டு.

வெள்ளம் வடிந்த வீட்டை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா சேறு வாருவார். அம்மா நனைந்த துணியையும் நனைந்த பத்திரங்களையும் வெயிலில் பரப்பிவிட்டு அழுதுகொண்டிருப்பார். பிள்ளை குறுக்கே போனால் "தள்ளிப் போ" என்பார்கள். எங்கே தள்ளிப் போவது? பள்ளிக்கூடம் மூடியிருக்கும். தொலைக்காட்சி தண்ணீரில் போயிருக்கும். காலை முதல் இரவு வரை அந்தப் பிள்ளை பெரியவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சேற்றைவிட அந்த முகங்கள்தான் பிள்ளையைப் பயமுறுத்தும்.

பெரியவரின் ஒட்டுப்பால் பந்துக்கும் பதில் உண்டு. நானும் அதில் விளையாடியவன்தான். மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றிச் செய்த பந்து. தரையில் அடித்தால் லயத்துக் கூரைக்கு மேலே எழும்பும். ஆனால் நமக்குப் பந்துதான் இல்லையே தவிர, மற்றதெல்லாம் இருந்தன. திடல் இருந்தது. ஆறு மணி இருந்தது. கூப்பிட்டால் ஓடி வர இருபது பேர் இருந்தார்கள். வெள்ளம் இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. திரும்பக் கொடுக்க வேண்டியது அந்த ஆறு மணியை. பந்து அதற்கு ஒரு சாக்கு.

அச்சே பையனின் சிவப்புச் சட்டை

2004 டிசம்பர் 26-ஐ கெடாக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நம் கோத்தா கோல மூடா மீனவர்கள் அன்று படகுகளையும் வீடுகளையும் இழந்தார்கள். நாடு முழுவதும் 68 உயிர்களை இழந்தோம்.

கடலுக்கு அந்தப் பக்கம், அச்சேயில், மார்த்துனிஸ் என்ற ஏழு வயதுப் பையனை அலை அடித்துக்கொண்டு போனது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து உயிரோடு கண்டெடுத்தார்கள். தாயும் உடன்பிறந்தாரும் போய்விட்டார்கள். அவன் உடம்பில் இருந்தது போர்த்துகல் காற்பந்துக் குழுவின் ஜெர்சி. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 2005-இல் கிறிஸ்தியானோ ரொனால்டோ அச்சேக்கே வந்து அவனைப் பார்த்தார். போர்த்துகல் காற்பந்துச் சங்கம் அந்தக் குடும்பத்துக்கு வீடு கட்ட உதவியது. பத்து ஆண்டுகள் கழித்து, ரொனால்டோ வளர்ந்த ஸ்போர்ட்டிங் லிஸ்பன் கிளப்பே அந்த இளைஞனைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டது.

அவன் அணிந்திருந்தது யாரும் தானம் கொடுத்த சட்டை இல்லை, அவனுடைய சொந்தச் சட்டை. ஆனாலும் அதைப் பார்த்துத்தான் உலகத்துக்கு அவன் 'அகதிகளில் ஒருவன்' என்பது மறைந்து, பந்தாட்டம் பிடித்த ஒரு பையனாகத் தெரிந்தான். பேரிடர் நடந்த இடத்தில் ஒரு பிள்ளைக்கு நல்ல ஜெர்சியும் நல்ல பந்தும் கொடுக்கும்போது நாம் செய்வதும் அதுதான். நிவாரணப் பட்டியலில் ஓர் எண்ணாக இருந்த பிள்ளை கோல் கீப்பராகிறது, பந்து வீச்சாளராகிறது.

முரளி செய்தது

அதே நாளில், இலங்கையின் தென்கரையில் இருக்கும் சீனிகம என்ற ஊருக்கு ஒரு நிகழ்ச்சிக்காகப் போய்க்கொண்டிருந்தார் முத்தையா முரளிதரன். தாமதமாகக் கிளம்பியதால் அலைக்குத் தப்பினார். முரளியின் தாத்தா நாமக்கல் பக்கத்தில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். நம் தாத்தாமார் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது போலத்தான். அதனால் இந்தக் கதையை நம் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன்.

முரளி முதலில் செய்தது லாரிகளில் உணவும் துணியும் ஏற்றி அனுப்பியது. இரண்டே வாரத்தில், 2005 ஜனவரி 10-ஆம் தேதி, மெல்பர்ன் திடலில் ஆசிய அணிக்காக ஒரு நிவாரணப் போட்டியிலும் ஆடினார். அந்த ஒரே ஆட்டத்தில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் நிதி சேர்ந்தது. அதோடு கை கழுவியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

சீனிகமவில் அவருடைய நண்பர் குஷில் குணசேகர நடத்திய 'நற்பண்பு அறக்கட்டளை'யோடு சேர்ந்து வீடுகள் எழுப்பினார்கள். கூடவே கிரிக்கெட் திடல் வந்தது, பயிற்சி வலை வந்தது, பயிற்றுநர் வந்தார். லண்டனின் எம்.சி.சி. கிரிக்கெட் மன்றமும் கை கொடுத்தது. கனடா பாடகர் பிரையன் ஆடம்ஸ் உதவியில் நீச்சல் குளம் ஒன்றும் வந்தது. கடலைப் பார்த்துப் பயந்த பிள்ளைகள் இருந்த ஊரில் நீச்சல் குளம்! அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு போர் முடிந்த வடக்குக்கும் அவர்கள் போனார்கள். 2012-இல் தொடங்கிய முரளி கிண்ணப் போட்டி, வடக்குப் பிள்ளைகளையும் தெற்குப் பிள்ளைகளையும் ஒரே திடலில் ஆட வைத்தது.

நம்மால் திடல் கட்ட முடியாது. ஆனால் இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பந்தை மட்டும் வீசிவிட்டு வந்தால், அது ஒரு வாரக் கொண்டாட்டம். ஆடுவதற்கு இடம், ஆட்டுவிக்க ஓர் ஆள், உடைந்தால் மாற்ற ஒரு வழி ஆகியவை இருந்தால்தான் ஆட்டம் நிலைக்கும்.

கேட்டுவிட்டுக் கொடுங்கள்

இனி நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

அன்று மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றும்போது கம்பத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ தோளில் கை வைத்துத் திடலைக் காட்டினார். திடல் எங்கே? கணுக்கால் உயரச் சேறு, அதில் குத்தி நிற்கும் மரக்கட்டை, ஓட்டுத் துண்டு, ஆணி.

"பந்து கொடுத்தால் பிள்ளைகள் இப்போதே இதில் இறங்கிவிடுவார்கள். காலைக் கிழித்துக்கொள்வார்கள். ஒரு மாதம் கழித்து வாருங்கள். வரும்போது மண்வெட்டியும் கொண்டு வாருங்கள்" என்றார்.

எவ்வளவு பெரிய உண்மை! வெள்ளச் சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலும் அதன் வழியே நோய்க்கிருமி உள்ளே போய்விடும். நம் நாட்டில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சுகாதாரத் துறை எச்சரிக்கிற லெப்டோஸ்பைரோசிஸ் அதுதான். ஆகவே நிவாரண மையத்தில் பிள்ளைகள் தங்கியிருக்கும் நாட்களில் கேரம் பலகை, பல்லாங்குழி, ஸ்கிப்பிங் கயிறு, வண்ணப் பென்சில் போதும். நெரிசலான மண்டபத்தில் காற்பந்து உருண்டால், படுத்திருக்கும் பாட்டியின் தலையில்தான் விழும். பந்து, வலை, காலணி எல்லாம் திடல் காய்ந்த பிறகு.

ஒரு மாதம் கழித்து எட்டுப் பேர் போனோம். இந்த முறை மூட்டை இல்லை. முன்கூட்டியே அந்தப் பெரியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பிள்ளைகள் என்ன ஆடுவார்கள் என்று கேட்டிருந்தேன். அவர் சொன்னதும் வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கம்பத்தில் மாலையானால் செப்பாக் தக்ராவ்தான். பெண் பிள்ளைகள் பள்ளியில் வலைப்பந்து ஆடுகிறவர்கள். என் முதல் மூட்டையில் தக்ராவ் பந்து ஒன்றுகூட இல்லை. பெண் பிள்ளைகளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. விளையாட்டுச் சாமான் என்றாலே பையன்கள் என்று என் மனத்தில் எழுதியிருந்தது.

ஆளுக்கு 30 ரிங்கிட் போட்டோம். மொத்தம் 240. அதில் வாங்கியவை: காற்பந்து இரண்டு, தக்ராவ் பந்து இரண்டு, தக்ராவ் வலை ஒன்று, வலைப்பந்து ஒன்று, கைப் பம்பு, ஊசி நான்கு, விசில் ஒன்று, எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு பை. அந்த மூட்டையில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும்.

பம்பையும் ஊசியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். பந்து தானம் செய்கிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். காற்று இறங்கிய பந்து வெறும் தோல். இந்தச் சிக்கலுக்காகவே காற்றடிக்கத் தேவையில்லாத ஒரு பந்தை அமெரிக்காவில் ஒருவர் உருவாக்கினார். சூடானின் டார்ஃபூர் அகதி முகாமில் பிள்ளைகள் குப்பையைச் சுருட்டிக் கட்டி உதைத்து ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து வந்த யோசனை அது. பாடகர் ஸ்டிங் முதல் பணம் கொடுத்தார். 2010-இல் அது வெளிவந்தது. குத்தினாலும் காற்றுப் போகாது.

யுனிசெஃப் பேரிடர் இடங்களுக்கு அனுப்பும் விளையாட்டுப் பெட்டியையும் பாருங்கள். பல வகைப் பந்துகள் இருக்கும். கூடவே இரண்டு அணியைப் பிரித்துக் காட்ட வண்ண மேலாடை, கோடு போட சாக்குக்கட்டி, இடத்தை அளக்க நாடா, நடத்துகிறவருக்கு விசில், புள்ளி எழுதப் பலகை. அனுபவப்பட்டவர்கள் அடுக்கிய பெட்டி அது. ஓர் ஆட்டத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருக்கிறது.

அளவும் முக்கியம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை, 4-ஆம் எண் காற்பந்து. 5-ஆம் எண் பெரியவர்களுக்கு. காலணி கொடுப்பதாக இருந்தால் இரண்டையும் ஜோடியாகக் கட்டி, அளவை அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். அந்தப் பையன் திருப்பிக் கொடுக்கும்போது கட்டினானே, அந்த வேலையை நான் கொடுக்கும்போது செய்திருக்க வேண்டும்.

பழைய பொருள் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே ஒரு சோதனை: இதை என் பிள்ளை பள்ளிக்கு எடுத்துப் போகுமா? போகும் என்றால் கொடுங்கள். போகாது என்றால் அது குப்பை. வெள்ளம் வந்த ஊரில் குப்பைக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை.

பேர் எழுதிய பந்து

இரண்டாம் முறை கிளம்பும்போது எங்கள் தோட்டத்துப் பெண் பிள்ளை ஒருத்தி, "அண்ணே, பந்துல நம்ம பேரை எழுதலாமா?" என்று கேட்டாள். விளம்பரம் மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்கினேன். அப்போதுதான் எங்கோ படித்த ஜப்பான் கதை நினைவுக்கு வந்தது.

2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் ரிகுசென்தகாத்தா என்ற ஊர் அழிந்தது. ஓர் ஆண்டு கழித்து, கடலுக்கு அப்பால் சுமார் 5,000 கிலோமீட்டர் தள்ளி, அலாஸ்காவின் ஒரு தீவுக் கரையில் காற்பந்து ஒன்று ஒதுங்கியது. அதன் மேல் ஜப்பானிய எழுத்துகள். கண்டெடுத்தவரின் மனைவி ஜப்பானியர். படித்துப் பார்த்ததில் ஒரு பள்ளியின் பெயரும், மாணவன் ஒருவனின் பெயரும், வாழ்த்துகளும் இருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் அவன் பள்ளி மாறியபோது வகுப்புத் தோழர்கள் எழுதிக் கொடுத்த பந்து அது. பதினாறு வயதான அந்தப் பையன் உயிரோடிருந்தான். வீடும் வீட்டில் இருந்தவையும் போயிருந்தன. பழைய வாழ்க்கையில் இருந்து அவனிடம் திரும்பி வந்தது அந்தப் பந்துதான்.

எழுதச் சொன்னேன். ஆனால் பெரிதாக வேண்டாம், நன்கொடையாளர் பட்டியலும் வேண்டாம். அவள் மார்க்கர் பேனாவால் மலாயில் சின்னதாக எழுதினாள்: 'பாடாங் மேஹா நண்பர்களிடமிருந்து. நன்றாக விளையாடுங்கள்.'

அன்று காலை முழுதும் கோத்தோங் ரோயோங். கம்பத்துக்காரர்களோடு சேர்ந்து திடலின் ஒரு பாதியைச் சுத்தம் செய்தோம். ஆணி பொறுக்கினோம். மாலையில் வலை கட்டினார்கள். தக்ராவ் பந்து முதல் தடவை மேலே எழும்பியபோது, வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது கால் காலணி கொடுத்து நான் அவமதித்த பையனும் வந்திருந்தான். வெறுங்காலில் ஆடினான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

போன ஆண்டு அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். காற்பந்துகளில் ஒன்று காணாமல் போய்விட்டதாம். மற்றது கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. தோல் உரிந்து, தையல் தெரிந்து, உருண்டையாகவே இல்லை. புரட்டிப் பார்த்தேன். எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை. தேய்த்துத் தேய்த்தே அழித்திருந்தார்கள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். புத்தம் புதிதாக அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் எழுத்து அப்படியே இருந்திருக்கும்.

ஆண்டு இறுதி மழை வந்துகொண்டிருக்கிறது. இந்த முறை எந்த ஆறு யார் வீட்டுக்குள் வரும் என்று யாருக்கும் தெரியாது. நம் வீடாகவும் இருக்கலாம். உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ இளைஞர் குழு இருந்தால், இப்போதே ஒரு பையைத் தயார் செய்து வையுங்கள். இரண்டு பந்து, ஒரு வலை, பம்பு, ஊசி, விசில். கூடவே இரண்டு மண்வெட்டி. எங்காவது வெள்ளம் வடிந்ததும், அங்கே ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "உங்கள் பிள்ளைகள் என்ன விளையாடுவார்கள்?"

அந்த இரண்டு இடது கால் காலணிகளும் என் வீட்டு ஸ்டோரில்தான் இருக்கின்றன. யாருக்கும் கொடுப்பதாக இல்லை. எனக்கே வேண்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.